கையோடு கொண்டு வந்த முத்திரை

பொறுமங்கலத்துக்காரர்களை முட்டாள்கள் என்று யாரும் அவர்கள் எதிரில் சொல்வதில்லை. பயம் ஒன்றும் இல்லை, அலைச்சல்தான். ஒரு தடவை வெளியூர் வளையல் வியாபாரி ஒருவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். முட்டாள் என்றால் முட்டுக் கொடுக்கிற ஆள்தானே என்று நாலு பேர் ஆளுக்கொரு கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, "எந்தச் சுவருங்க சாயுது?" என்று அவர் பின்னாலேயே மூன்று தெரு நடந்தார்கள். அந்த வியாபாரி இப்போது ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறார்.

அந்த நாலு பேரில் ஒருவன் மயில்வாகனம். தங்கமான மனுஷன். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடி செய்வான். அவனுக்கு வந்த கஷ்டமெல்லாம் அந்த வழியாகத்தான் வந்தது. அவன் மனைவி அமிர்தம், "அடுப்பைப் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போனால், அவள் திரும்பி வரும்வரை கண் கொட்டாமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பான். பால் பொங்கும், வழியும், அடுப்பு அணையும். "ஒண்ணு விடாம பார்த்தேன் அமிர்தம்" என்று பெருமையாகச் சொல்வான்.

ஊரில் மலர்க்கை அம்மன் கோயில் ஒன்று உண்டு. அம்மன் நின்ற கோலம். இடது கையைத் தொங்கவிட்டு, வலது கையை மார்புக்கு நேராகத் தூக்கி வைத்திருப்பாள். அந்த விரல்களுக்கு நடுவில் பூசாரி தினமும் ஒரு பூவைச் செருகுவார். ஐப்பசிக் காற்றில் ஒரு மாங்கிளை முறிந்து, கோயில் ஓட்டைப் பிளந்துகொண்டு விழுந்தது. அம்மனின் வலது கை மணிக்கட்டோடு நொறுங்கிப் போயிற்று. பின்னமான சிலைக்குப் பூஜை ஆகாதே! வெளியூரிலிருந்து சபாபதி ஸ்தபதியை அழைத்து வந்து புதுச் சிலை செய்யச் சொன்னார்கள். அவரும் காப்புக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, முகம், மாலை, கொசுவம் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார். வலது கைக்கு வந்ததும் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"விரல் எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

ஊரே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. முப்பது வருஷமாகப் பூ வைத்த பூசாரியைக் கேட்டார்கள்.

"நான் பூவைத்தானே பார்த்தேன்? கையை எங்கே பார்த்தேன்?" என்றார் பூசாரி.

ஸ்தபதி பொறுமைசாலி. ஊரைக் கூட்டி உட்கார வைத்து விளக்கினார். "கல்லுச் சாமிக்கு வாய் பேசாதுங்க. கைதான் பேசும். உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினா, பயப்படாதேன்னு அர்த்தம். கீழே இறக்கி விரிச்சா, இந்தா வரம்னு அர்த்தம். ஆள்காட்டி விரலை நீட்டினா, ஜாக்கிரதைன்னு அர்த்தம். இதுக்குத்தான் முத்திரைன்னு பேரு. பூப் பிடிக்கிற கையிலேயும் விரல் வளையறதைப் பொறுத்து ரகம் இருக்கு. ஒரு விரல் மாறினாலும் பேச்சே மாறிப்போகும்."

உலகநாதன் எழுந்து நின்றான். உலகம் என்பது அவன் பெயரில்தான் உண்டு. ஊர் எல்லையைத் தாண்டியவன் இல்லை. ஆனால் ஊரில் யோசனை சொல்வதென்றால் அவன்தான். "அப்படின்னா நம்ம அம்மன் இத்தனை வருஷமா பேசிக்கிட்டேவா இருந்தா?" என்றான். "நாம ஒருத்தரும் ஒரு பதில் சொல்லலையே!"

கூட்டத்தில் இரண்டு பெண்கள் வருத்தத்தில் உச்சுக் கொட்டினார்கள்.

நல்ல வேளையாக வழி ஒன்று இருந்தது. ஆற்றுக்கு அக்கரையில், மூன்று நாள் நடையில், கீழைவயல் என்ற ஊரில் இதே அம்மனுக்கு ஓர் அக்கா உண்டு. ஒரே சிற்பி ஒரே பாறையில் செய்த இரட்டைச் சிலைகள் என்று பேச்சு. காப்புக் கட்டிய ஸ்தபதி ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதனால் அவர், "யாராவது போய் அந்த அம்மனோட முத்திரையைக் கையோட கொண்டு வந்துடுங்க. கை மாறிடக் கூடாது. ஒரு விரல்கூட அசங்கக் கூடாது. கும்பாபிஷேகத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு" என்றார். சீக்கிரம் போய்ப் பார்த்து வாருங்கள், வலது கைக்குப் பதில் இடது கையைப் பார்த்துத் தொலைக்காதீர்கள் என்பதுதான் அவர் சொன்னதன் அர்த்தம். பாவம், ஊருக்குப் புதியவர்.

"எங்க வீட்டுக்காரர் போவாரு" என்று அமிர்தம் முந்திக்கொண்டு சொன்னாள். மயில்வாகனத்துக்கே ஆச்சரியமாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் காரணம் சொன்னாள். "கிணத்தடியில என்னைப் பார்த்தாலே, அடுப்பைப் பார்த்தியா அமிர்தம்னு சிரிக்கிறாளுங்க. எனக்கு மானம் போகுது. இந்த ஒரு காரியத்தையாவது ஒழுங்கா முடிச்சிட்டு வாங்க. கெடுத்துட்டு வந்தீங்க, மூட்டையைக் கட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். கூப்பிட வர வேணாம்."

அவள் கோபத்தில் சொல்லியிருந்தால் அவனுக்குப் பழக்கம்தான். இந்தத் தடவை நிதானமாகச் சொன்னாள். அமிர்தம் இல்லாத வீட்டில் உப்பு எங்கே இருக்கும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. உப்பு கிடக்கட்டும், அவள் திட்டாத ஒரு பொழுது எப்படி விடியும் என்றே அவனுக்குத் தெரியாது. அவள் மேல் அவ்வளவு ஆசை. "அசங்காம கொண்டு வந்துடறேன் அமிர்தம்" என்றான்.

துணைக்கு மூன்று பேர் கிளம்பினார்கள். யோசனைக்கு உலகநாதன். வண்டிக்கு அமிர்தத்தின் அண்ணன் தாண்டவராயன். மயில்வாகனத்துக்கு மச்சான் முறை. எதைச் சொன்னாலும் ஆமாம் போடுவதற்குப் பொன்னுரங்கம்.

"வண்டி எதுக்கு மச்சான்?" என்று கேட்டான் மயில்வாகனம்.

"முத்திரை என்ன கனம் இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. அதனாலதான் வண்டி" என்றான் தாண்டவராயன். ஒற்றை மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, இரண்டு சாக்கும் ஒரு கடப்பாரையும் எடுத்துப் போட்டுக்கொண்டான்.

மூன்றாம் நாள் காலையில் கீழைவயல் போய்ச் சேர்ந்தார்கள். கோயிலில் சாம்பசிவக் குருக்கள் அப்போதுதான் அபிஷேகம் முடித்திருந்தார். நாலு பேர் சந்நிதி முன்னால் நின்று அம்மனின் வலது கையை அண்ணாந்து பார்ப்பதையும், அதில் ஒருவன் கையில் கடப்பாரை இருப்பதையும் கண்டு அவருக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது.

"கையோட கொண்டு வரச் சொல்லியிருக்காரு" என்றான் தாண்டவராயன். "வெறும் முத்திரையை மட்டும் கழட்டினா செல்லாது. மணிக்கட்டுல ஒரு போடு போட்டா, கையோட வந்துடும்."

"அதுவும் சரிதான்" என்றான் பொன்னுரங்கம்.

"அடப் பாவிகளா!" குருக்கள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அம்மனுக்கு முன்னால் வந்து நின்றார். "கடப்பாரையைக் கீழே போடுங்கோ! என்ன வேணும் உங்களுக்கு?"

உலகநாதன் சாங்கோபாங்கமாக விஷயத்தைச் சொன்னான். முழுதும் கேட்டு முடித்தபோது குருக்களுக்குத் தலை சுற்றியது. இவர்கள் எப்படியாவது வெளியே போனால் போதும் என்று, "அம்மன் கையைத் தொடப்படாது. நன்னா பாத்துண்டு, உங்க கையில அதே மாதிரி பிடிச்சுண்டு போய்ச் சேருங்கோ" என்றார். பூவை எடுத்துவிட்டுக் கையையும் காட்டினார்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் நுனியில் சேர்ந்து ஒரு வளையமாக இருந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் லேசாக நிமிர்ந்திருந்தன. மூன்று பேரும் மயில்வாகனத்தின் வலது கையைப் பிடித்து, விரல் விரலாக மடக்கி, அம்மனையும் அவனையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சரிசெய்வதற்குள் உச்சிக்காலம் வந்துவிட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குருக்களே அசந்துபோகும்படி அச்சாக அமைந்துவிட்டது.

"இனிமே இது உன் கை இல்லை" என்றான் உலகநாதன். "உன் தோளில தொங்குது, அவ்வளவுதான்."

மயில்வாகனம் மூச்சுக்கூடப் பெரிதாக விடவில்லை. அமிர்தத்தின் முகம்தான் கண்ணில் நின்றது.

ஒரு காத தூரம் போவதற்குள் தோள்பட்டை கடுத்தது. பொன்னுரங்கத்துக்கு இளகிய மனசு. "பங்காளி, கொஞ்ச நேரம் நான் வெச்சுக்கட்டுமா? பதமா என் கைக்கு மாத்தி விடு" என்று தன் கையை நீட்டினான்.

உலகநாதன் பதறிப்போனான். "கை மாறக் கூடாதுன்னு ஸ்தபதி படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! இவன் கையில ஏறினது இவன் கையிலதான் இறங்கணும்."

"அதுவும் சரிதான்" என்று பொன்னுரங்கம் கையை இழுத்துக்கொண்டான்.

அடுத்த சிக்கல் சோறு. வலது கையில் முத்திரை இருக்கிறது. இடது கையால் சாப்பிடுவது முறையல்ல. அதனால் தாண்டவராயன் ஊட்டிவிட்டான். மச்சானுக்குத் தன் வாய் அளவுதான் தெரியும். அவன் உருட்டிய உருண்டை ஒவ்வொன்றும் தேங்காய்ப் பருமன் இருந்தது. பாதி மீசையில் ஒட்டியது, பாதி வைக்கோலில் விழுந்தது. மயில்வாகனம் அரை வயிறும் கால் வயிறுமாகப் பயணம் செய்தான்.

வழியில் ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தினார். மூன்று விரலையும் சேர்த்துப் பிடித்தபடி ஒருவன் பவ்யமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவருக்கு நாக்கில், இல்லை, மூக்கில் ஊறியது. "தம்பி, ஒரு சிட்டிகை பொடி குடுங்க. காலையிலேர்ந்து பொடி இல்லாம கண்ணே தெரியலை" என்றார்.

"பொடி இல்லீங்க, முத்திரை" என்றான் மயில்வாகனம்.

"முத்திரைப் பொடியா? புதுசா இருக்கே" என்று அவர் குனிந்து, விரல் நுனியில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். இரண்டு தும்மல் போட்டார். "நல்ல காரம்" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

"பார்த்தியா, முத்திரைக்கு வேகம் இருக்கு" என்றான் உலகநாதன்.

அன்று பிற்பகல் சந்தைமேட்டில் மாட்டுச் சந்தை. சந்தை வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தரகர் வாயால் விலை பேசமாட்டார். கையின் மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவார். வண்டி ஓரமாக நின்றது. நீட்டிய கையோடு மயில்வாகனம் வண்டிக்கு முன்னால் நின்றான். விடுவாரா தரகர்? மாட்டைச் சுற்றி வந்து பல்லைப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்து மயில்வாகனத்தின் கை மேல் போட்டார்.

உள்ளே, நிமிர்ந்திருந்த இரண்டு விரல்கள் அவருக்கு அகப்பட்டன. ஒன்றுதான் தருவேன் என்று ஒரு விரலை அழுத்தினார். மயில்வாகனம் அசையவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். ஒரு விரல்கூட அசங்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பிடி கொடுக்காத ஆளா இருக்காரே!" என்று தரகர் வியந்துபோனார். "சரி போங்க, நீங்க கேட்ட மாதிரி ரெண்டாவே இருக்கட்டும்." இரண்டு விரலையும் சேர்த்து ஒரு இறுக்கு இறுக்கிப் பேச்சை முடித்தார். மாட்டை அவிழ்த்துக்கொண்டு, அதே இடத்தில் இரண்டு வெள்ளாடுகளைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

நாலு பேரும் ஆடுகளைச் சுற்றி நின்று ஆலோசித்தார்கள்.

"போனது ஒண்ணு. வந்தது ரெண்டு" என்றான் உலகநாதன். "லாபம்தான்."

"வண்டியை யார் இழுக்கிறது?" என்று கேட்டான் தாண்டவராயன். மாடு அவனுடையது.

"ஆடு இழுக்காது."

"அப்ப ஆடு ஏறி உக்காரட்டும். நாம இழுப்போம்."

"அதுவும் சரிதான்" என்று பொன்னுரங்கம் நுகத்தடியில் தோளைக் கொடுத்தான்.

மயில்வாகனம் மட்டும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்திருந்த இரண்டு விரல்களும் தரகரின் இறுக்கலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் தலை குனிந்தாற்போல் தெரிந்தன. இவை முன்பும் இப்படித்தான் இருந்தனவா? கேட்டால் மற்றவர்கள் கவலைப்படுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

"முத்திரை நனைஞ்சா ஊறிடும்" என்றான் தாண்டவராயன். "ஊறினா பெருத்துடும். அப்புறம் ஸ்தபதி பெரிய கையா செதுக்கிடுவாரு."

வழியோரத்துக் குயவர் வீட்டில் ஒரு கலயம் கேட்டு வாங்கி, மயில்வாகனத்தின் கையை அதற்குள் விட்டார்கள். கலயத்துக்கு வாய் சின்னது. நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகித் திருகித் தள்ளியதில் கை மணிக்கட்டு வரை உள்ளே போய்விட்டது. மயில்வாகனம் முழுக்க நனைந்தான். முத்திரை நனையவில்லை.

ஆற்றங்கரைச் சுங்கச் சாவடியில் காவலர் வழிமறித்தார். மூன்று ஆட்கள் இழுக்கும் வண்டியில் இரண்டு ஆடுகள் சொகுசாக உட்கார்ந்திருந்தன. கூடவே ஒருவன் கலயத்தை மாட்டிக்கொண்டு நடந்து வந்தான். அவருடைய உத்தியோகத்தில் இப்படி ஒரு காட்சியை அவர் பார்த்ததில்லை.

"கலயத்துல என்ன?"

"முத்திரைங்க" என்றான் மயில்வாகனம்.

காவலர் விறைப்பாக நின்றார். ராஜ முத்திரையைப் பற்றித்தான் அவர் கேள்விப்பட்டிருந்தார். "யார் முத்திரை?"

"அம்மாவோடது."

ராஜாவின் தாயார் என்று எடுத்துக்கொண்டு அவர் இன்னும் விறைத்தார். "எடுத்துக் காட்டுங்க, சரிபார்த்துட்டு அனுப்பறேன்."

எடுத்தால்தானே? கலயம் வரவில்லை. காவலர் கலயத்தை இழுத்தார், மூவரும் மயில்வாகனத்தை இழுத்தார்கள். அவன் வலி பொறுக்காமல் அலறினான். ஆடுகளும் சேர்ந்து கத்தின. கடைசியில் காவலர் தன் தடியால் கலயத்தை ஒரு தட்டுத் தட்டினார். ஓடு சிதறியது. உள்ளேயிருந்து வெளியே வந்த கையில் ஐந்து விரலும் நுனியில் ஒன்றுசேர்ந்து, குவிந்து, மேல் நோக்கி இருந்தன. கையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதற்கு என்ன சுங்கம் வாங்குவது என்று தெரியாமல் காவலர் அவர்களைப் போகச் சொல்லிவிட்டார்.

ஆற்றைக் கடந்து தங்கள் பக்கக் கரை ஏறியதும் உட்கார்ந்து பேசினார்கள்.

"கொஞ்சம் மாறினாப்பல இல்லை?" என்று மெல்லக் கேட்டான் மயில்வாகனம்.

"எப்படி மாறும்?" என்றான் உலகநாதன். "மாறியிருந்தா நமக்குத் தெரியாதா? நாம கூடவேதானே வர்றோம்!"

"கூடவே இருக்கிறவங்களுக்குப் பிள்ளை வளர்றது தெரியாதும்பாங்களே?"

"அது பிள்ளை. இது கை. கை வளருமா?"

"வளராது."

"அப்ப மாறலை."

"அதுவும் சரிதான்" என்றான் பொன்னுரங்கம். மயில்வாகனத்துக்குப் பாதி நிம்மதி வந்தது. மீதிப் பாதி வரவில்லை. மூன்று நாளாகச் சோற்றைத் தொடாத அந்த விரல்கள் தாமாகவே எதையோ தேடிக் குவிவதுபோல் அவனுக்குத் தோன்றியது. பசியில் இப்படியெல்லாம் தோன்றும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

ஊர் எல்லையில் அமிர்தம் காத்துக்கொண்டிருந்தாள். புருஷன் கையை ஏந்தியபடி, கண்ணெல்லாம் குழிவிழுந்து வருவதைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "அசங்கலையே?" என்றாள் முதலில். "சாப்பிட்டீங்களா?" என்றாள் பிறகு. இரண்டுக்கும் அவன் தலையை இடம் வலமாக ஆட்டினான்.

ஸ்தபதி கையைப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார், குந்தி உட்கார்ந்து பார்த்தார். "நான் படிச்ச சாஸ்திரத்துல இப்படி ஒரு முத்திரை இல்லையே. சோத்தைப் பிசைஞ்சு வாய்க்குக் கொண்டு போற கை மாதிரியில்ல இருக்கு?"

"ஏங்க, அம்மனுக்குப் பசிக்கக் கூடாதா?" என்றான் உலகநாதன். "வெள்ளிக்கு வெள்ளி பொங்கல் வைக்கிறோமே, அது யாருக்கு?"

ஸ்தபதி திரும்பி மயில்வாகனத்தைக் கேட்டார். "நிஜத்தைச் சொல்லுங்க. ஒரு விரல்கூட அசைக்கலையா?"

"அம்மன் மேல சத்தியமா, நானா ஒரு விரலையும் அசைக்கலைங்க" என்றான். அது முழு உண்மை.

கும்பாபிஷேகத்துக்கு நாலே நாள் இருந்தது. ஸ்தபதி பெருமூச்சு விட்டுவிட்டு உளியை எடுத்தார். விரல் விரலாக அப்படியே செதுக்கினார். வேலை முடிந்து, "போதும், கையை இறக்குங்க" என்று அவர் சொன்னபோது மயில்வாகனத்தால் இறக்க முடியவில்லை. விரல்கள் குவிந்தது குவிந்தபடி பிடித்துக்கொண்டுவிட்டன.

அதற்குப் பிறகு வந்த மூன்று நாளும் அவன் ஆயுசில் பொன்னான நாட்கள். அமிர்தம் காலையிலும் மாலையிலும் விளக்கெண்ணெய் காய்ச்சிக் கையில் தடவினாள். மூன்று வேளையும் அளவான உருண்டையாக உருட்டி ஊட்டினாள். கிணத்தடியில் யாராவது கேட்டால், "அவருக்குக் கை ஒழியலைடி, அம்மன் காரியம்" என்றாள். அவனுக்கு அந்தக் கை சரியாகவே வேண்டாம் என்று இருந்தது.

கும்பாபிஷேகத்தன்று அக்கா ஊருக்கு மரியாதையாகச் சாம்பசிவக் குருக்களை அழைத்திருந்தார்கள். மேளம் முழங்கியது. திரையை விலக்கினார்கள். குருக்கள் கற்பூரத்தட்டைத் தூக்கியவர், தூக்கியபடியே நின்றுவிட்டார்.

"என்ன அபசாரம் இது! எங்க அம்பாள் பூவைப் பிடிச்சுண்டு நிக்கறா. உங்க அம்பாள் சாதத்தை வாயில போட்டுக்கப் போறாளே! இது அந்தக் கை இல்லை ஓய்!"

மேளம் நின்றது. ஊர் முழுக்கத் திரும்பி மயில்வாகனத்தைப் பார்த்தது. "அடுப்பைப் பார்த்த ஆளுதானே" என்று யாரோ சொல்ல, பின்வரிசையில் சிரித்தார்கள். அமிர்தம் விடுவிடுவென்று வீட்டுக்குப் போனாள். மயில்வாகனம் பின்னாலேயே ஓடினான். அவள் புடவைகளை எடுத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "அமிர்தம், நான் கெடுக்கலை. உன்னை நெனைச்சுக்கிட்டேதான் நடந்தேன். கண்ணை மூடித் தூங்கினப்பகூட கையை மூடலை. நீயே பாரு."

மூட்டை முடிச்சைக் கையில் பிடித்தபடி அவள் அந்தக் கையைப் பார்த்தாள். குவிந்த ஐந்து விரல். கோயிலில் இருக்கும் அதே ஐந்து விரல். ரொம்ப நேரம் யோசித்தாள். பொறுமங்கலத்தில் பிறந்து பொறுமங்கலத்திலேயே வாழ்க்கைப்பட்டவள் அல்லவா? யோசனை அந்த ஊர்ப் பாதையில்தான் போயிற்று.

"மூணு நாளா நான்தானே ஊட்டினேன்? நான்தானே எண்ணெய் தேய்ச்சேன்? ஒரு விரல் அசங்கலை. கண்ணால பார்த்தேன்" என்றாள். "இந்தக் கை மாறலை. நம்ம அம்மன் கையும் இதே மாதிரிதான் இருக்கு. ரெண்டு கை ஒத்துப் போகுது, ஒரு கை ஒத்துப் போகலை. அப்படின்னா மாறினது யாரு?"

மூட்டையை அப்படியே போட்டாள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். கிளம்பிவிட்டாள், கீழைவயலுக்கு. பின்னால் மயில்வாகனம், அவன் பின்னால் மூன்று பேர், அவர்கள் பின்னால் ஊர், எல்லோருக்கும் பின்னால் தலையில் அடித்துக்கொண்டே சாம்பசிவக் குருக்கள்.

மூன்றாம் நாள் கீழைவயல் கோயிலுக்குள் எல்லோரும் நுழைந்தார்கள். குருக்கள் பூவை எடுத்துக் காட்டினார். மூன்று விரல் வளையம், இரண்டு விரல் நிமிர்ந்து. மயில்வாகனம் தன் கையை அதன் பக்கத்தில் நீட்டினான். கொஞ்சம்கூடப் பொருந்தவில்லை.

"பார்த்தீங்களா?" என்றான் உலகநாதன். "நாம அந்தப் பக்கம் போனதும், இந்தப் பக்கம் மாத்திக்கிட்டா."

"கல்லுய்யா அது! கல்லு எப்படி ஓய் கையை மாத்திக்கும்?" என்று குருக்கள் கத்தினார்.

"இவரு மாத்தலை. வேற யாரு இருக்கா, சொல்லுங்க?"

"அதுவும் சரிதான்" என்று சொன்னது இந்தத் தடவை பொன்னுரங்கம் மட்டும் இல்லை. ஊரே சொன்னது. கும்பாபிஷேகத்தன்று சிரித்த பின்வரிசைக்காரர்கள் மயில்வாகனத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

அமிர்தம் அம்மனுக்கு நேராகப் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏன் ஆத்தா, எங்க வீட்டுக்காரர் எலும்பும் தோலுமா, பட்டினி கிடந்து, மழையில நனைஞ்சு, பத்து நாளா ஒரே மாதிரி வெச்சிருக்காரு. கல்லா நிக்கிற உனக்கு அது முடியலையா?"

அம்மன் பதில் சொல்லவில்லை. பேசாமல் நிற்பவளைப் பார்க்கப் பார்க்க அமிர்தத்துக்கும் மனசு இளகிவிட்டது. கிண்ணத்திலிருந்து எண்ணெயை வழித்து, அம்மனின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள்.

"சரி, போகட்டும். பொம்பளைக்குக் கை கடுக்கத்தான் செய்யும்" என்றாள். "இனிமே வலிச்சா சொல்லியனுப்பு. இவரு வந்து கொஞ்ச நேரம் உனக்குப் பதிலா நிப்பாரு."